ஜும்ஆவுக்கு அனுப்பிய சாறன்

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். "உனக்கென்ன குறை? உன்ட ஊடு, பக்கத்துல உம்மா" என்று எல்லாரும் சொல்வார்கள். அல்ஹம்துலில்லாஹ், குறையில்லைதான். ஆனால் சொந்த வீட்டுக்குள்ளேயே மூச்சு முட்டும் என்பதை முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அறிந்தேன். அப்படி மூச்சு முட்டிக்கொண்டு எங்காவது ஒரு தங்கச்சி இருக்கக்கூடும். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அறைச் சுவர்கள் கூரையைத் தொடாது. காற்று வரட்டும் என்று வாப்பா அப்படிக் கட்டினார். வாப்பா மௌத்தான பிறகு நடு அறையில் உம்மா, முன் அறையில் நானும் என் கணவரும். நாங்கள் எதைக் கதைத்தாலும் சுவருக்கு மேலால் உம்மாவின் காதுக்குப் போய்விடும். அவர் என்னிடம் ஒன்று கேட்பார், பக்கத்து அறையிலிருந்து உம்மா பதில் சொல்வார். கலியாணம் முடித்த புதிதில் அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிள்ளை தங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

ஸ்கேன் பார்க்கப் போகிற நாள், அவர் தான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையில் லீவு கேட்டுக்கொண்டு வந்து நின்றார். உம்மா ஏற்கெனவே அபாயா போட்டுத் தயாராக இருந்தார்.

"நீங்க என்னத்துக்கு மகன்? ஆம்புளயள் போற இடமா அது? நான் கூட்டிட்டுப் போறன்."

"என்ட புள்ளயத்தானே மாமி பாக்கப் போறன்."

"பொறந்தாப் பிறகு ஆசை தீரப் பாக்கலாம். இந்த ஊட்டுல இந்த விசயத்துக்கு நான் இரிக்கன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். உம்மாவை மறுத்துக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. ஷோலின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மஃரிபுக்குப் பிறகும் வரவில்லை. நிந்தவூரில் தன் உம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார்.

வேறு ஊர்க்காரருக்கு இது சின்ன விசயம். எங்களில் மாப்பிள்ளை தாய் வீட்டில் சில நாள் தங்கிவிட்டால், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஊர் கதைக்கத் தொடங்கிவிடும். பெண் தேடிப் போய்க் கூப்பிடுவதும் வழக்கமில்லை. கோபம் வந்தால் அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது. நான் கோபித்துக்கொண்டு எங்கே போவது? என் வீடே இதுதானே.

போனில் கதைக்கலாம் என்றால் சுவர். குளியலறைக்குள் போய், பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"எப்ப வாறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் உம்மாவின் குரல். "என்ன மகள் இவ்வளவு தண்ணி ஓடுது? டேங்க் முடியப் போகுது!"

வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை கொடியிலிருந்து உடுப்பு எடுக்கும்போது அவர் இடுப்பில் உடுக்கும் வெள்ளைச் சாறன் கைக்கு வந்தது. கடைச் சட்டையோடு போன மனிசன், நாளைக்கு ஜும்ஆவுக்கு எதை உடுப்பார்? சாறன், வெள்ளைச் சட்டை, தொப்பி, அவருடைய அத்தர் குப்பி, எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் வைத்து முடிச்சுப் போட்டு, அவருடைய உடுப்பு என்று சொல்லி, பக்கத்து வீட்டு ஓட்டோக்கார நானாவிடம் கொடுத்தனுப்பினேன். கண்டால் என் மனம் அவருக்கு விளங்கும் என்று நம்பினேன்.

அன்று பின்னேரமே மதினி, அவருக்கு மூத்த ராத்தா, போன் எடுத்தார்.

"உடுப்பையும் கட்டி அனுப்பிட்டீங்க என்ன? நல்லம். வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு மாப்புளயத் தொரத்துற ஊட்ட இப்பதான் காணுறம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் உடுப்பைத் தாய் வீட்டுக்கு அனுப்பினால், இனி இங்கே வர வேண்டாம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விசயம். ஜும்ஆவை நினைத்த நேரம் அது நினைவிலேயே இல்லை.

"இல்ல மதினி, ஜும்ஆக்கு..." என்று தொடங்கினேன். அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு கணவரும் என் போனை எடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மா சொன்னார்: "விடு மகள். போனா போகட்டும். உனக்கு ஊடு இரிக்கி."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வீடு முழுவதும் என் நெஞ்சில் ஏறி இருப்பது போல இருந்தது. குனிந்து ஸுஜூது செய்ய ஏலாமல் கதிரையில் இருந்து தொழுதேன். "யா அல்லாஹ், ஒரு கதவைத் திறந்து தா" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கும் உம்மாதான் கூட வந்தார். ஆனால் பரிசோதிக்கிற இடத்தில் திரைக்கு உள்ளே வேறு யாரையும் விடமாட்டார்கள். கட்டிலில் படுத்திருந்தேன். காரைதீவுப் பக்கத்து மிட்வைஃப் மிஸ் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார்.

"புள்ள நல்லா இருக்கு. தாய்தான் சரியில்ல. என்ன தங்கச்சி, நித்திரை இல்லையா?"

அழுகை வந்துவிட்டது. குசுகுசு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

வெளியிலிருந்து உம்மா, "என்ன மிஸ், இவ்வளவு நேரம்? ஏதும் பிரச்சினையா?" என்றார்.

"இல்லம்மா, பிரஷர் பாக்கிறன்" என்றார் மிஸ். பிரஷர் மெஷின் மேசையில் சும்மா கிடந்தது.

பிறகு என் பக்கம் குனிந்தார். "இதெல்லாம் ஆரிட்டச் சொல்ற என்டு மனசுக்குள்ள வெச்சிருந்தீங்களா? இதையும் கேக்கத்தான் நாங்க இருக்கிறம். தாய்மாருக்கும் அவங்கட புருசன்மாருக்கும் சேர்த்து வகுப்பு ஒண்டு வைக்கிறம். உங்கட அவருக்கு நான் போன் எடுக்கட்டா?"

"உம்மாவும் வாறன் என்பா மிஸ்."

"மாமிமாருக்குக் கதிரை இல்ல என்டு நான் சொல்றன்."

வகுப்பு நாளன்று கிளினிக் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. ஹேண்டிலில் அந்தச் சொப்பிங் பேக். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

பிள்ளைக்குப் பால் கொடுப்பது, தாய்க்கு ஓய்வு கொடுப்பது எல்லாம் சொல்லிவிட்டு, மனதில் கிடக்கிற ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள் என்றார் மிஸ். நாங்கள் உட்கார்ந்திருந்த மர வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தோம்.

"நீ என்ன வேணாமென்டு அனுப்பிட்டாய் என்டுதான் நினைச்சன்" என்றார்.

"ஜும்ஆக்குத்தான் மச்சான். கடைச் சட்டையோட போவீங்களே என்டு."

"காக்காட சாறனத்தான் உடுத்துட்டுப் போன" என்று தன் அண்ணனைச் சொன்னார்.

"அவர் கட்டையாச்சே."

"ஓம். பள்ளியில எல்லாரும் என்ட காலத்தான் பாத்த."

சிரிப்பும் அழுகையும் எனக்கு ஒன்றாக வந்தன. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும் புள்ள. அவரும் வரட்டும் உம்மா என்டு."

அன்று என்னோடு வீட்டுக்கு வந்தார். வீடு மாறவில்லை, சுவரும் மாறவில்லை. உம்மா ஒன்றும் கேட்காமல் சோறு வைத்தார். சாப்பிட்டு முன் அறைக்குள் போனதும், வழக்கம்போல நடு அறையிலிருந்து குரல் வந்தது.

"மகள், அடுத்த கிளினிக்குக்கு நேரத்தோட வெளிக்கிடணும். நாம ரெண்டு பேரும் ஓட்டோவில போவம்."

அவர் சாறனை மடித்தபடி நின்றார். பிஸ்மி சொல்லிக்கொண்டு, சுவருக்கு மேலால் போகட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"அவரும் வரட்டும் உம்மா."

மின்விசிறி மட்டும் சுற்றியது. நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கனநேரத்துக்குப் பிறகு உம்மா கூப்பிட்டார், என்னையல்ல.

"மகன், டேங்க்ல தண்ணி இரிக்கா என்டு ஒருக்காப் பாருங்க."