கல்யாண அம்பாசடரும் கறுப்புப் பெயிண்டும்

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். ஸ்டியரிங் வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு வியாழக்கிழமை காலையில் அதில் காற்று இறங்கியது.

டாக்சி ஓட்டும் செல்லப்பன் தன் அம்பாசடரோடு வந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழை இல்லை, எல்லாம் வியர்வை.

"அண்ணாச்சி, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்கு. ஒரு மாசமா இறுகிட்டே வந்துச்சு, கல்யாண அலைச்சல்ல விட்டுட்டேன். நாளைக்கு மவளுக்குப் போனக்காடு எஸ்டேட்டுல கல்யாணம். அந்த மலை வளைவுல இத எப்படித் திருப்புவேன்?"

பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. நாலு மாதம் முன்பு எஃப்.சி. சோதனைக்காக அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். இப்போது மேலேயும் பாலிஷ் போட்டிருந்ததில் வண்டி மணப்பெண்ணுக்குப் போட்டியாக மின்னியது. "பாத்தவன் எல்லாம் கண்ணு வச்சுட்டான்" என்றார்.

டயரில் காற்று சரியாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரம் தரையில் படாதபோதும் அதே முரண்டு. "ஸ்டியரிங்குக்கு அடியில இருக்க பல்சட்டம், ரேக்கு போயிருக்கு. ரெண்டு நாள் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"வேற வண்டி நான் ஏற்பாடு செய்யாம் செல்லப்பா" என்று மலையாளம் கலந்த தமிழில் ஆறுதல் சொன்னார் முதலாளி குட்டன் பிள்ளை.

செல்லப்பன் முகம் வாடிவிட்டது. "பதினஞ்சு வருசமா ஊரான் பிள்ளைகள எல்லாம் பந்தல்ல கொண்டு எறக்கியிருக்கேன். எம் மவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, 'அப்பா நீங்கதான் ஓட்டணும்'னு. அவள வேற ஒருத்தன் கூட்டிட்டுப் போகவா?"

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தார்.

"டே, டை ராட் கழற்றி நோக்கினயா?"

"இல்ல முதலாளி."

"நோக்காம எப்படிடே ரேக்குண்ணு பறஞ்ச?"

ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் அந்தக் கம்பியை இரண்டு பக்கமும் கழற்றினேன். ஸ்டியரிங் ஒரு விரலில் சுழன்றது. ரேக் நிரபராதி! சக்கரத்தைக் கையால் திருப்பினேன், முனகிக்கொண்டு அசைந்தது. சக்கரம் திரும்புகிற ஸ்விவல் பின் வறண்டு கிடந்தது.

"இதுக்குக் கிரீஸ் அடிச்சது யாரு?"

"நான்தான் முதலாளி. ரெண்டு தடவ."

கிரீஸ் ஏற்றும் குமிழான நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் கொழகொழவென்று இருக்கத்தான் செய்தது. துடைத்தேன். கிரீஸ் ஏற வேண்டிய துளையே தெரியவில்லை. கறுப்புப் பெயிண்ட் அதை மூடிக்கொண்டு பளபளத்தது. நான் கிரீஸ் கன்னால் அழுத்தியதெல்லாம் வெளியே வழிந்திருக்கிறது. உள்ளே நிறைந்துதான் வழிகிறது என்று நான் நம்பியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

செல்லப்பனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தானே! அழகுதான் ஆபத்து, கண்ணு வச்சுட்டான்னு அப்பவே சொல்லல்லியா?"

புது நிப்பிள்கள் மாட்டி, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பிக் கிரீஸ் ஏற்றினேன். துருவும் சேறுமாகப் பழைய கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

மறுநாள் முதலாளி உத்தரவுப்படி ஸ்பானர் பையோடு முன்சீட்டில் நானும் போனேன். விதுரா தாண்டி வளைவுகள் வந்ததும் செல்லப்பன் வேண்டுமென்றே ஒற்றைக் கையால் திருப்பினார்.

"அப்பா, ரெண்டு கையாலயும் பிடிங்க! எனக்கு இன்னும் தாலி ஏறல்ல!" என்று பின்சீட்டிலிருந்து கல்யாணப் பெண் கத்தினாள்.

எஸ்டேட் கோயில் வாசலில் செல்லப்பன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். சவாரிக்கு வருகிறவர்களிடம் சொல்வதுபோலவே, "இறங்குங்கம்மா, இடம் வந்தாச்சு" என்றார்.

"வாடகை எவ்வளவு டிரைவரே?" என்று கேட்டாள் மகள். செல்லப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பிகளே, கிரீஸ் அடித்தால் போதாது. பழைய கிரீஸ் வெளியே வருகிறதா என்று பாருங்கள். நிப்பிளைத் துடைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு ஒரு பெண்ணின் ஒரே ஆசையைக் கெடுக்கப் பார்த்தேன் நான். ஓய்வு பெறும் நாள்வரை துணி இல்லாமல் கிரீஸ் கன்னை எடுத்ததில்லை.