பனிக்குக் கட்டிய வாழை

கடந்த குளிர்காலத்தில் லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தை மாதத்திலும் ரோஜா பூத்தது. அழகாகப் பூத்தது என்று சொல்ல முடியாது. இதழ்கள் ஈரத்தில் ஒட்டி, ஓரம் பழுத்து, பாதி விரிந்தபடி நின்றன. புல் வளர்ந்துகொண்டே இருந்தது. வெட்ட வழியில்லை, கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஊறியது. கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டும் சத்தம் எங்கள் தெருவில் ஒரு காலையிலும் கேட்கவில்லை.

மனைவியின் கவலை முழுவதும் வேலியோரத்து வாழையில் இருந்தது. குளிர் தாங்கும் இனம்தான். ஆனால் தண்டு செத்தால் கிழங்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தண்டு தப்பினால்தான் கோடையில் குலை தள்ள வாய்ப்பு. பழம் உதவாது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது கறிக்குப் பொத்தி, அதாவது வாழைப்பூ. கடையில் வாங்கும் பொத்தி அல்ல, தன் வாழையின் பொத்தி.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் தொழில். எங்கள் வாழை அவருடைய வாழையின் குட்டி. இலையுதிர்காலம் முடியும்போது அவரே வந்து எங்கள் தண்டைப் பழைய கம்பளியால் சுற்றினார். அதன் மேல் கறுப்புக் குப்பைப் பைகளை இழுத்து, காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார். தன் வாழையையும் அப்படியே கட்டினார்.

"பனிக்கு இது காணும், அக்கா," என்றார் மனைவியிடம்.

தை நடுவில் அந்தப் பொதியைக் கடந்தபோது புளித்த மணம் வந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. கழற்றப் போவதாக மனைவியிடம் சொன்னேன்.

"கழட்டாதேங்கோ. பனி இனித்தான் வரும்."

"எந்தப் பனி?"

"இதென்ன கேள்வி? பனி எண்டால் பனிதான்."

நான் பத்திரிகையில் செய்தி திருத்திய காலத்தில் வானிலைக் குறிப்பில் 'பனி' என்று மட்டும் வந்தால் எழுதியவரிடம் திருப்பி அனுப்புவேன். யாழ்ப்பாணத்தில் பனி என்பது விடியற்காலை ஈரம். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பனி என்றால் ஜெர்மனியில் முழங்கால் வரை கொட்டுவது. வாழையைக் கொல்வதோ உறைபனி. மனைவி ஒன்றை நினைத்துப் பயந்தாள், அவர் இன்னொன்றை நினைத்துக் கட்டினார். அந்த வருடம் வந்தது மழை மட்டுமே. பைகளுக்குள் இறங்கிய மழைக்கு வெளியே போக வழியில்லை.

கத்திரிக்கோலுடன் என்னைக் கண்டதும் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, நாளைக்குக் குளிர் இறங்கினால் வாழை முடிஞ்சுது. பிறகு என்னைச் சொல்லக்கூடாது."

"இப்பவே சொல்லுறன். கட்டினது நீர்தானே."

கம்பளி பிழிந்த துணி போல வந்தது. உள்ளே வெளிமடல்கள் பழுப்புச் சளியாகக் கரைந்திருந்தன. நத்தைகள் குடும்பமாகக் குடியிருந்தன. குசினிக் கத்தியை எடுத்து உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டினேன். வெட்டிய ஒவ்வொரு முகத்திலும் நடுவில் பழுப்பு. மனைவி குடை பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"வேர் வரைக்கும் போயிடுவியள் போல கிடக்கு."

"நல்ல இடம் வரும் மட்டும் வெட்டத்தான் வேணும்."

இடுப்பளவில் நடு வெள்ளையானது. இறுக்கமாக இருந்தது, கசிந்த நீர் தெளிவாக இருந்தது. அங்கே நிறுத்தினேன். நான்கு தடிகள் நட்டு மேலே ஒரு பலகை வைத்தேன். மழை விழாது, காற்றுப் போய்வரும்.

மாசி பிறந்ததும் வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து இளம்பச்சைக் குருத்து ஒன்று மேலே தள்ளியிருந்தது. மனைவி அதன் மேல் விரலை வைத்து அளந்தாள். மறுநாளும் அளந்தாள். பிறகு கூப்பிட்டு எனக்குக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார். அவருடைய பொதி அவருக்குப் பின்னால் டேப் ஒட்டியபடியே நின்றது.

"அண்ணை, அந்தக் கத்தி கூரோ?"

"நல்ல கூர்."

"ஒருக்கால் தாங்கோ."

கழுவித் துடைத்து வேலிக்கு மேலால் கொடுத்தேன்.

"தம்பி, அது என்ர கத்தி," என்றாள் மனைவி. "சமையலுக்கு முதல் கொண்டு வந்திடுங்கோ. நத்தை இல்லாமல்."