பக்க எண் கேட்ட பேராசிரியர்

போன திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். வழக்கமாக அவர் கேட்பது ஒன்றுதான் - கட்டுரை எங்கே? இந்த முறை கட்டுரை போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் பயந்தேன்.

விஷயம் இதுதான். போன மாதம் இந்தப் பத்தியில், காற்றைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்துப் போட்டிருந்தேன். ‘காற்று திரும்புவது கடலுக்குப் போகிறவனைவிட, கருவாடு காயவைக்கிறவளுக்கு முதலில் தெரியும்.’ நல்ல வரி. நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. அதே புத்தகம் அவரிடமும் இருக்கிறதாம். இரண்டு முறை படித்துவிட்டாராம். அப்படி ஒரு வரியே இல்லையாம்.

“வியாழனுக்குள்ள பக்க எண் குடுங்க. இல்லன்னா அது நீங்களா எழுதிக்கிட்ட வரின்னு போட வேண்டியிருக்கும்” என்றார் ஆசிரியர்.

எட்டாம் வகுப்போடு படகில் ஏறியவன் நான். என்னைப் போன்றவன் மேற்கோள் போட்டாலே நாலு பேர் புருவத்தைத் தூக்குவார்கள். பொய் மேற்கோள் என்று ஒருமுறை அச்சில் வந்துவிட்டால்... அப்புறம் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்?

பிடித்த வரிகளை எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினேன். வரி இருந்தது. புத்தகத்தின் பெயர் இருந்தது. பக்க எண் இல்லை.

இனி இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, செவ்வாய்க்கிழமை பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனேன். செல்போன் கடை வைத்திருக்கும் பாஷா பாய் என் கூட்டாளி. புத்தகங்களுக்குப் பட்டியல் போட வேண்டும், எந்த வரி எந்தப் பக்கம் என்று குறிக்க வேண்டும், அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றேன். எத்தனை புத்தகம் என்று கேட்டார். நானூறு சொச்சம். மீன் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாயே, அதுவா என்றார். அதுதான்.

மூன்று பார்த்தோம்.

முதலாவது, பார்கோடைக் காட்டினால் போதும் என்றது. என் புத்தகங்களில் பாதிக்குப் பார்கோடு கிடையாது. மீதியில் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். கேக் செய்வது எப்படி என்றது. அது இறால் நோய்களைப் பற்றிய புத்தகம்.

இரண்டாவது, இன்டர்நெட் இருந்தால்தான் திறக்கும். எங்கள் குப்பத்தில் மணல் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். நானூறு புத்தகத்தையும் மேட்டுக்குத் தூக்கவா?

மூன்றாவது, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கானது. நெட் வேண்டாம். தமிழ் எடுக்கும். எழுதியவர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். நிரப்பினால் மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுத் தரும். இலவசம். இதுவே போதும் என்று என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

வகை என்று ஒரு கட்டம். பெருசு, நடு, பொடி என்று அடித்தேன். மீனைப் பிரிப்பது போலத்தான் புத்தகத்தையும் பிரித்திருக்கிறேன். வேறு எப்படிப் பிரிப்பது?

பாஷா பாய் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“இன்னா நைனா இது? கதை, கவிதைனு பிரிக்க மாட்டியா?”

“கவிதை எல்லாம் பொடியிலதான் கீது” என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டிகளைக் கொட்டினேன். அந்தப் புத்தகம் மட்டும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது - அது எங்கள் குப்பத்து எல்லப்பனின் பாட்டில், அதாவது அவன் முறையில், இருக்கிறது.

எங்கள் ஏரியில் வலை போடப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் இறங்கக் கூடாது. என் புத்தகங்களும் குப்பத்தில் அப்படித்தான் சுற்றுகின்றன. ஆளுக்குப் பத்து நாள். நடுவில் யாரும் கேட்கக் கூடாது. விதி போட்டது நான்தான். சாஃப்ட்வேரில் இதற்குக் கட்டம் இல்லை.

எல்லப்பனுக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி. ஆசிரியருக்கு இரண்டு நாள்.

புதன்கிழமை போனேன். படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். புத்தகம் பக்கத்தில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை.

“என் பாட்ல வந்து வலைய எறக்குறியேண்ணா. ரூலு யாரு போட்டது?”

புத்தகம் வேண்டாம், பக்க எண் மட்டும் போதும் என்றேன். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தான். அவனே ஒவ்வொரு பக்கமாகத் தேடினான். என்னைத் தொடவிடவில்லை. அரை மணி நேரம்.

“நாப்பத்தேழு” என்றான். மூச்சு வந்தது.

“ஆனா அச்சுல இல்லண்ணா. ஓரத்துல கீது. பென்சில்ல.”

எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும். நாகம்மா அக்கா. கருவாடு போடுகிறவர். எப்போதோ புத்தகம் அவர் பாட்டில் இருந்திருக்கிறது. பிற்பாடு நான் நோட்டில் எடுத்தபோது, வரியைப் பார்த்தேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நேராக அவரிடம் போனேன். மணலில் விரித்த வலையில் வாளை மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்பதும் என் விதிதான்.

“ஆமா, நான்தான் எழுதனேன்” என்றார். “காத்தப் பத்தி அந்த ஆளு அம்மாம் பெரிய புக்கு எழுதிக்கீறாரு. ஒரு எடத்துலயாவது கருவாட்டுக்காரியாண்ட கேட்டாரா? அதான். இப்ப இன்னா, அழிக்கணுமா?”

அழிக்க வேண்டாம், பெயர் போட வேண்டும் என்றேன். எந்த ஆண்டு எழுதினார் என்று கேட்டேன். இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு முந்தின ஆடி என்றார். போனில் ஆண்டுக் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். எண்தான் வேண்டும் என்றது. காலியாக விட்டேன்.

பேராசிரியர் ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. அதை எழுதியவர் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் இல்லை. தப்பு என்னுடையது. நானாக எழுதிக்கொண்டதும் இல்லை. எழுதியவர் நாகம்மா, லைட்ஹவுஸ் குப்பம். பக்கம் நாற்பத்தேழு, இடது ஓரம்.

உங்கள் பிரதியில் தேட வேண்டாம். அது என் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது.