தெற்கே வைத்த வாசல்

என் பள்ளி உளுந்தூர்பேட்டையிலிருந்து திருநாவலூர் போகும் பக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று சுற்றுவட்டாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கிவிடும். அந்த நிம்மதியை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

முதல் ஆறு வருடம் உரக்கடை மாடியில்தான் பள்ளி. கீழே யூரியா மூட்டை, மேலே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகள் தும்மிக்கொண்டே வாய்ப்பாடு படித்தார்கள். கடைக்காரர் பாய் நல்ல மனிதர். லோடு வரும் நாளில் படியேறி வந்து, "டீச்சர், ஒரு அரை மணி நேரம் பாட்டு பாட வச்சிக்கினு இருங்க. மூட்டை எறக்குற சத்தத்துல பாடம் ஏறாது" என்பார். விளையாட்டு வகுப்பு என்றால் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் போகாமல் நிற்பது. அவ்வளவுதான் விளையாட்டு.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் போனபோது அலுவலகத்தில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கடைக்கு மேலே பள்ளி கூடாது. அடுத்த ஜூனுக்குள் சொந்த இடம், விளையாட இடம் இரண்டும் வேண்டும். இல்லையென்றால் மூடிவிட வேண்டியதுதான்.

இடம் தேடி அலைந்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் பார்த்த இடத்துக்குப் பத்திரத்தில் ஏழு அண்ணன் தம்பிகள், எட்டாவது ஆள் கோர்ட்டில். களமருதூர் பக்கம் ஒன்றை மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன்; நடுவில் கொக்கு நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் இனாமாகவே தருகிறேன் என்றார். பள்ளிக்கு அவர் அப்பா பெயரும், முன்னால் அப்பா சிலையும் வைக்க வேண்டுமாம். அந்த அப்பாவை எனக்குத் தெரியும். பெற்ற பெண்களில் ஒன்றைக்கூடப் பள்ளிக்கு அனுப்பாதவர்.

கடைசியில் பாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க அத்தா வாங்கிப்போட்ட நெலம் ஒண்ணு கீது. பத்திரம் சுத்தமா கீது. காலனிய ஒட்டினாப்புல. உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களான்னு பாத்துக்கோங்க."

காலனி என்று எங்கள் பக்கம் சொல்வது தலித் குடும்பங்கள் இருக்கும் தெருக்களை. நான் ஊர்த்தெருவில் பிறந்தவள். என்னிடம் இரு பக்கத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். உரக்கடை மெயின் ரோட்டில் இருந்ததால் அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. ரோடு எல்லாருக்கும் பொது. பாயின் நிலமோ வேறு மாதிரி. அதற்குத் தெற்கே காலனியின் தார் ரோடு. வடக்கே ஒரு பெரியவரின் கரும்புக் கொல்லை, அதைத் தாண்டினால் ஊர்த்தெரு.

பெரியவர் எனக்கு ஒரு வகையில் பெரியப்பா முறை. அவர் பேத்தி என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். பாயின் நிலத்தையே வாங்கினேன். கடைகால் தோண்டுவதற்கு முந்தின வாரம் பெரியப்பாவே வந்தார்.

"தெக்குப் பாத்த வாசலு ஆவாதும்மா. எமன் தெச. நம்ம கொல்லையில வடக்கால பாதை வுட்டுத் தரேன், எழுதியே தரேன். நீ தெக்கால சொவுத்த முழுசா அடைச்சிடு."

அடைத்தால் காலனிப் பிள்ளைகள் எதிரே தெரியும் பள்ளிக்கு மெயின் ரோடு போய், ஊர்த்தெரு முழுக்கச் சுற்றி வர வேண்டும். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும், அவர் பேசியதை நான் வாஸ்துவாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தேன். அவர் திசைகாட்டியோடு நிலத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தெற்கில் அக்கினி மூலைப் பக்கம் தள்ளி வாசல் வைத்தால் கல்விக்கு அமோகம் என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நான் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன்.

அவர் முழுதாகக் கேட்கவே இல்லை. "அவன் கெடக்குறான். நம்ம வூட்டுப் புள்ளைங்க காலனி ரோட்டுல நடந்து போவுமா? இன்னா பேச்சு பேசற நீ?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நான் எமனுக்குத்தான் பயந்துக்கினு இருந்தேன் பெரியப்பா. இது வெறும் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டில் கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்தேன்.

கேட்டைத் தெற்கே வைத்தேன். கொத்தனார் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் தெற்கு என்றேன். அந்த வருடம் என் சொந்தக்காரர்கள் யாரும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை. மொய் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலனிப் பிள்ளைகள் மணியடிக்கும் முன்பே கேட்டில் நின்றார்கள். ஊர்ப் பிள்ளைகளைக் காணோம். அப்போது வடக்கே சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் மார்பளவுதான் எழும்பியிருந்தது. கரும்புக் கொல்லை வரப்பில் அப்பாக்கள் வரிசையாக வந்து, முதலில் பையைப் போட்டார்கள், பிறகு பிள்ளைகளைத் தூக்கிச் சுவருக்கு இந்தப் பக்கம் இறக்கினார்கள். என் பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேத்தியை இரண்டு கையாலும் தூக்கி, "புடிங்க டீச்சர்" என்று எங்கள் பள்ளியின் இளம் டீச்சரிடம் நீட்டினார். அவளும் பதறிப்போய் வாங்கிக்கொண்டாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு மைதானத்தைப் பார்த்தேன். காலனிப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி வந்து என் புடவையைப் பிடித்தாள். "அவங்க ஏன் மிஸ் சொவுரு ஏறி வராங்க? கேட்டு தொறந்துதான கீது?"

"நாளைக்கு ஏற மாட்டாங்க" என்றேன்.

அன்று மாலையே கொத்தனாரைக் கூப்பிட்டு வடக்குச் சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றினேன். மறுநாள் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. உளுந்தூர்பேட்டைப் பள்ளி வேன் ஊர்த்தெருவுக்குள் வர ஆரம்பித்தது. "நாம நிப்பமா மேடம்?" என்று டீச்சர்கள் கேட்டார்கள். இத்தனை அலைந்து வாங்கிய இடத்தில் ஒரு வருடம்கூட ஓட்ட முடியாதோ என்று எனக்கும் பயம்தான். நிற்போம் என்று சொன்னேன். அது நம்பிக்கை இல்லை, வீம்பு.

மூன்றாவது வாரம், மதிய இடைவேளையில் வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா குரல் வந்தது. எனக்கு அவர் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது.

"இந்தா பாரும்மா. உன் வாசலு உனக்கு. நான் பாதையும் தரேன். வடக்கால இன்னொரு கேட்டு வையி. அவங்க அப்படி வரட்டும், நம்ம புள்ளைங்க இப்படி வரட்டும். நாளைக்கே எல்லாரையும் கொண்டாந்து வுடறேன்." துண்டு சுவரை நெருங்கி வந்தது. "பாப்பாவுக்கு வேன்ல போனா வாந்தி நிக்க மாட்டேங்குது."

அந்தக் கடைசி வார்த்தையில் என் மனம் இளகியது, மறைக்கவில்லை. பெஞ்செல்லாம் ஒரே நாளில் நிரம்பிவிடும். டீச்சர்களுக்கும் வேலை நிலைக்கும். ஆனால் இன்று இரண்டு வாசல் என்றால், நாளை இரண்டு தண்ணீர்க் குடம் கேட்பார்கள், அதற்கு மறுநாள் இரண்டு வரிசை. நான் அந்தத் தெருவில் வளர்ந்தவள்.

"ஒரு வாசல்தான் பெரியப்பா."

"மூடிக்கினு போவப்போற நீ."

"மூடற நாளு வந்தா மூடறேன். மூடறதுக்கும் ஒரு கேட்டுதான் இருக்கும்."

துண்டு கரும்புக்குள் போய்விட்டது.

நாலு நாள் கழித்து அவர் மருமகள் காலனி ரோட்டில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நடை தளரவில்லை. "மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும். சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு வந்த ரோட்டிலேயே திரும்பினாள். அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை.

காலி பெஞ்சுகளைப் பின்னால் ஒதுக்கிவிடலாமா என்று அந்த இளம் டீச்சர் கேட்டாள். கூடாது என்றேன். இருந்த வரிசையில் இருக்கட்டும், தினமும் துடைத்து வையுங்கள் என்றேன். வர நினைப்பவர்களுக்கு வழி நன்றாகத் தெரியும்.