கேரவனில் ஒரு பிராந்தி பாட்டில்

ஜவ்வாது மலைக்குப் போக வாடகைக்கு எடுத்த கேரவனில் கட்டில், அடுப்பு எல்லாம் இருந்தன. ஏறியதுமே பிள்ளைகள் இருவரும் மேல் கட்டிலுக்குச் சண்டை போட்டார்கள். நான் சமையல் சாமான்களை அடுக்கினேன். நல்லெண்ணெய் மட்டும் வழக்கம்போல் காலி பிராந்தி பாட்டிலில். அத்தனை இறுக்கமான மூடி வேறு எதற்கு இருக்கிறது?

புதுச்சேரி எல்லையில் கோரிமேட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. புதுச்சேரிச் சரக்கு போகிறதா என்று பார்க்க ஏறிய போலீஸ்காரர் நேராக அந்தப் பாட்டிலைத்தான் எடுத்தார்.

"எண்ணெய் சார்," என்றேன்.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

என் கணவர் என்னை முறைத்தார். "எத்தினி தபா சொன்னேன், வேற பாட்டில்ல ஊத்துன்னு!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தட்டில் இரண்டு இட்லி வைத்து, பொடி தூவி, அந்தப் பாட்டிலை வாங்கி அதிலிருந்தே எண்ணெய் ஊற்றிப் போலீஸ்காரரிடம் நீட்டினேன்.

அவர் சிரித்துவிட்டு, நின்றபடியே சாப்பிட்டார். அதற்குள் பிள்ளைகள் மடக்கு நாற்காலிகளைச் சாலையோரம் விரித்து, கேம்ப் போட்டாயிற்று என்று குதித்தார்கள்.

போலீஸ்காரர் பாட்டிலை மூடிக் கொடுத்தார். "மூடி நல்லா டைட்டா இருக்கும்மா. எங்க வூட்லயும் இதுலதான்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மும்முரமாக மலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.