மூன்றே தரம் பூட்டிய கத்தி

கொழும்பு அச்சுக்கூடத்தில் யந்திரம் ஓட்டியவன் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டுத்தான் கொக்குவிலில் சுருட்டுப்பெட்டி செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். அதற்கு முன் சில நாள் பட்டினி. அதனால் இந்த வேலையை விடக் கூடாது.

பெட்டிக்கான காகித மட்டை வெட்டும் கை யந்திரம் என் பொறுப்பு. சேர்ந்த புதிதில் ஒருநாள், ஒன்பது கடைகளுக்கான பெட்டிகள் பின்னேர ரயிலில் ஏற வேண்டும், தவறினால் இனி வரத் தேவையில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். முதலில் கேட்ட கடைக்கு முதலில் என்று வெட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு கடைக்கும் மூன்று அளவுப் பெட்டிகள். அளவு மாறும்போதெல்லாம் கத்தியைக் கழற்றிப் பூட்ட வேண்டும். மத்தியானமாகியும் இரண்டு கடைதான் முடிந்தது.

பசை பூசும் செல்லம்மா மட்டைக்குக் காத்திருந்து அலுத்துப்போய் எழுந்து வந்தாள்.

"உதென்ன அண்ணை, கோயில் மரியாதைக் காளாஞ்சியே, ஆள் பாத்து வரிசையாய்க் குடுக்க? எந்தக் கடைக்குப் போறதெண்டு மட்டைக்குத் தெரியுமே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"சின்னது முழுக்க வெட்டுங்கோ. பிறகு நடு, பிறகு பெரிசு. கடை கடையாய்ப் பிரிக்கிறது எங்கடை வேலை. கொழும்பிலை உது சொல்லித் தரேல்லையோ?"

"கொழும்பிலை நான் தரை கூட்டினனான், பிள்ளை."

பட்டறையே சிரித்தது. வாசலில் நின்ற முதலாளியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் மூன்றே தரம்தான் கத்தியைப் பூட்டினேன். கடைசிப் பெட்டிகள் பசை காயாமலே ரயிலேறின.

எங்கும் மூன்று மாதம் தரிக்காத நான் அங்கே நாலு வருஷம் இருந்தேன். என் முகத்துக்கு நேரே சிரிக்கிறவர்களோடு வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.