ஆணியில் தொங்கிய சட்டை

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சட்டை போட வேண்டும். வாசல் கம்பத்தில் ஓர் ஆணி. அதில் என் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை. வருகிறவர் சாலையில் நின்று குரல் கொடுப்பார். நான் உள்ளேயிருந்து, "சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க" என்பேன். அவர் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மாமரத்தடியில் சங்கிலியில் கிடக்கும் நாயைத் தாண்டி உள்ளே வருவார். கரும்பு வெட்டின வியர்வையும் புகையிலை நெடியும் ஊறிப்போன சட்டை அது. அதைத் துவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சவேனி ஊர்ப் பக்கத்தில் எங்களை அடையாளம் சொல்கிறவர்கள் 'சட்டைக்கார வீடு' என்றுதான் சொன்னார்கள். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு அதில் பெருமை.

கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த என் மாமனார், கூலிகளின் லைன் வீட்டிலேயே செத்துப்போனார். லைனை விட்டு வெளியே வந்து, குத்தகை நிலம் எடுத்து, தகரக் கூரை போட்டுக் குடியேறியவர் என் வீட்டுக்காரர்தான். தோட்டத்து வெள்ளைக்கார ஓவர்சியர் தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன பெட்டை நாய் ஒன்று இருந்தது. வேலைக்கு எழுந்திருக்காதவர்களை லைனுக்குள் புகுந்து விரட்டுவதற்காக அவர் வளர்த்தது. என் மாமனாரின் கெண்டைக்காலில் அதன் பல் பட்ட தழும்பு சாகும்வரை இருந்ததாம். அது போட்ட குட்டியைத்தான் இவர் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கப்பனக் கடிச்ச சாதி. இப்ப எனக்குக் காவல். பாத்தியா?" என்று மார்தட்டினார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிர்மிட் ஒழிந்த சேதியை அந்த நாய்க்கு யாரும் சொல்லவில்லை. நம் ஆள் எவன் தலையில் மூட்டையோடு வந்தாலும் அதற்கு அவன் லைனை விட்டு ஓடிவந்த கூலிதான். சர்க்கரைக் கம்பெனியிலிருந்து கரும்பைப் பார்வையிட வரும் வெள்ளைக்காரரைக் கண்டால் மட்டும் வாலைக் குழைத்துக்கொண்டு நிற்கும். தாய் எதையும் சொல்லித்தரும் முன்பே பிரித்துக்கொண்டு வந்த குட்டிக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதிதாக ஏற்பட்ட தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஒருநாள் வந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் கட்ட மூங்கில் கேட்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். "வணக்கம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நாய் பாய்ந்து வேட்டி சிவந்துபோனது. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டேன். நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மூங்கிலையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இவர் வைத்தியம் தொடங்கினார். நாய்க்குக் கோபம் அதிகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனிக் குதிரைகளைப் பார்க்கிறவரிடமா? முதலில் பிரம்பால் அடித்தார். அடிபட்ட நாய் குரைப்பதை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கடிக்கக் கற்றுக்கொண்டது. வாய்க்குக் கயிற்றுவலை பின்னிப் போட்டார், மென்று துப்பியது. பட்டினி போட்டார், கண் இன்னும் சிவந்தது. கடைசியில் எல்லாரும் சொல்லும் வைத்தியம்: சோற்றை உருட்டி, அக்குளில் அழுத்தி வியர்வையில் தோய்த்து, தன் கையால் ஊட்டுவது. அதைச் செய்தார். அவருக்கு மட்டும் நாய் காலடியில் கிடந்தது. அப்போதுதான், அந்த வியர்வையை மற்றவர்களுக்கும் போர்த்தினால் என்ன என்று தோன்றி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பலித்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் நாய் மதித்தது சட்டையைத்தான், ஆளை அல்ல. தினமும் சோறு வைத்தவள் நான். சட்டை இல்லாமல் பக்கத்தில் போனால் என்னைப் பார்த்தும் பல்லைக் காட்டும். நன்றியுள்ள பிராணி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும்.

என் மகளுக்கு அம்மை போட்டது அவள் நடை பழகிக்கொண்டிருந்த சமயம். வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று இவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, நமாகா ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த கோயிலில் காப்புக் கட்டிக்கொள்ளக் கிளம்பினார். காப்புக் கட்டினால் பத்து நாளும் கோயிலிலேயே தங்க வேண்டும், வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது.

"பிள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சு. நாய யாருக்காவது குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"யாரு வாங்குவா? சங்கிலி இருக்கு, சட்டை இருக்கு. பாப்பாவுக்குப் போட்டு வுடு."

"சட்டையா வந்து பிள்ளையக் காப்பாத்தும்?"

"இத்தன நாளா ஒன்னக் காப்பாத்தலியா?"

போய்விட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் எங்கேயாவது போயிருக்கலாம். அம்மை இறங்கின பிள்ளையைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் யார் ஏற்றுவார்கள்? மாடுகளை யார் பார்ப்பார்கள்? ஆகவே அவர் சொன்னதைத்தான் செய்தேன். காக்கிச் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். அது அவள் குதிகாலைத் தாண்டித் தரையில் புரண்டது. "சட்ட போடாம முத்தத்துல எறங்கக் கூடாது, தெரியுதா?" என்று தினமும் விரலை ஆட்டி மிரட்டினேன். அவளும் சட்டையை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். தூங்கும்போதும் அதிலேயே சுருண்டுகொள்வாள். பாலும் எச்சிலும் மூத்திரமும் அதில்தான்.

பக்கத்துத் தோட்டத்து முஸ்லிம் அக்காவும் எங்களைப் போலவே மதராஸ் கப்பலில் வந்த குடும்பத்தவர். நாய் எச்சில் பட்ட சட்டையைத் தொடமாட்டார். சாலையிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். ஒரு சாயங்காலம் கிழங்கு கொண்டுவந்தவர் கொடுக்க மறந்து முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒங்க நாயி முன்ன ரோட்டப் பாத்துல்ல படுத்திருக்கும்?"

"ஆமாக்கா."

"இப்ப ஒன் வாசலப் பாத்துப் படுத்திருக்கே."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். முகத்தை முன்கால்களில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் எங்கோ பார்த்துக்கொண்டு கிடந்தது. என் பின்னால் கதவருகே பிள்ளை நின்றிருந்தாள். கிழங்கை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

மறுநாள் மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. வெளியே ஓடினேன். பிள்ளை மாமரத்தடியில், சங்கிலி எட்டும் வட்டத்துக்குள், நாயின் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அது அவள் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் ஓரடி வைத்தேன். நக்குவதை நிறுத்திற்று. இன்னோரடி வைத்தேன். எழுந்து அவளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றது. குரைக்கவில்லை. உதடு மட்டும் மேலே ஏறியது.

என் பிள்ளையை எனக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறது ஒரு நாய்! வெல்லக்கட்டியைக் காட்டி, பாட்டுப் பாடி, கூத்தாடி, அவளாக எழுந்து வரும்வரை தள்ளியே நின்றேன். வந்ததும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சங்கிலி இழுபடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. சட்டையிலிருந்து அவர் வாசனை போய்விட்டது என்று புரிந்தது. அதில் இருந்தது முழுக்கப் பிள்ளையின் வாசனை. நாய் அந்தச் சட்டையை விடவில்லை, சட்டைதான் வேறு ஆளுடையதாகிவிட்டது.

தீமிதி முடிந்த மறுநாள் காலையில் மோளத்தோடு அவரைக் கூட்டிவந்தார்கள். மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் மஞ்சளும் சாம்பலும், கழுத்தில் வேப்பிலை, பத்து நாள் தாடி. எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. சாலையோர வாசலில் அவர் காலைக் கழுவி ஆரத்தி எடுத்தேன். மோளக்காரர்கள் சாலையிலேயே நின்றுகொண்டார்கள்.

"உள்ள வராதீங்க. மொதல்ல குளிங்க, அந்த மஞ்சளக் கழுவுங்க" என்றேன்.

"காப்பு அவுக்காம எப்படிடி கழுவுறது? நாளைக்குத்தான்."

"அப்பச் சட்டையாவது போட்டுக்குங்க."

பிள்ளையின் உடம்பிலிருந்து கழற்றி நீட்டினேன். அவர் ஓரடி பின்வாங்கினார். "மூத்திரச் சட்டைய வெரதக்காரன் போடுறதா? ஆத்தா பொறுப்பாளா?" பிறகு சிரித்தார். "என் நாயிக்கு என்னைத் தெரியாதா, என்ன?"

நான் அவர் முன்னால் போய் நின்று மறித்தேன். என்னை விலக்கிவிட்டு முற்றத்தில் இறங்கி, யாருக்காகத் தீ மிதித்தாரோ அந்தப் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினார். தாடியையும் மஞ்சள் முகத்தையும் கண்டு அவள் வீலென்று கத்தினாள்.

சங்கிலி அறுந்ததா, மரத்திலிருந்து கொக்கி பிடுங்கிக்கொண்டதா, நான் பார்க்கவில்லை. பார்த்தபோது நாய் அவருடைய வலது முன்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை என் மேல் விழுந்தாள். காப்புக் கயிறு அறுந்து சதையோடு போனது. ரத்தம் வாயில் பட்ட பிறகுதான் அதற்கு ஆள் தெரிந்தது போலும். பிடியை விட்டது. தரையோடு தரையாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டு அவர் காலடிக்கு ஊர்ந்து வந்து முனகியது. நெருப்பில் நடந்து ஒரு கொப்புளம் இல்லாமல் வந்த மனிதர், முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கை வலியால் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை குளித்து, தாடி மழித்து, கட்டுப்போட்ட கையோடு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் புருஷன் புறா சுடும் துப்பாக்கியோடு கரும்பு ஓரத்தில் காத்திருந்தார். இவர் நாயின் கழுத்தில் புதிதாகக் கட்டிய கயிற்றை இடது கையால் இழுத்தார். நாய் வாலை ஆட்டியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது. இன்னும் இழுத்தபோது அடித்தொண்டையில் உறுமியது.

அவர் கயிற்றைத் தளரவிட்டார். பிறகு சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாப்பாவுக்குப் போட்டுக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் கையில் கட்டியிருந்த துணியில் ரத்தம் கசிவதைப் பார்த்துச் சட்டையை வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்குச் சட்டையைப் போட்டு, விரலைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். நாய் உடனே எழுந்தது. அவள் நடக்க நடக்க, கயிறு தளர்ந்து கிடக்க, அவள் பக்கத்திலேயே சாதுவாக நடந்து வந்தது. அவள் விழுந்தபோது நின்றது. எழுந்தபோது நடந்தது. கரும்பு ஓரம் வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

சத்தம் கேட்டது.

"மோளம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, கல்லில் அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் அவளை விளையாட முற்றத்தில் இறங்கச் சொன்னேன். வாசற்படியிலேயே நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதாள். நாய் இல்லை, இனிமேல் பயமில்லை, இறங்கு என்று எவ்வளவோ சொன்னேன். கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.